பள்ளி விளையாட்டுக்கு நடுவர் தட்டுப்பாடு: இருக்கிற பணத்தை எதில் போடலாம்?

அமெரிக்காவில் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் பலர் இப்போது பள்ளி அணிகளுக்குப் பணம் திரட்டும் பெற்றோர் குழுவான பூஸ்டர் கிளப்பின் கூட்டங்களுக்குப் போகிறார்கள். அங்கே அடிக்கடி எழும் புகார், ஆட்டம் நடத்த நடுவர் கிடைக்கவில்லை என்பது. அந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கொஞ்சம் கூடுதல் பணம் ஒதுக்கச் சம்மதித்தாலும் அதை எதற்குச் செலவழிப்பது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. எல்லோருக்கும் சம்பளத்தை ஏற்றுங்கள் என்கிறார் ஒருவர். பெட்ரோல் காசு கொடுத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். நிரந்தர வேலைக்கே ஆள் எடுக்கலாம் என்றும், மாணவர்களைப் பழக்கலாம் என்றும் யோசனைகள் வருகின்றன. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் இருப்பது குறைந்த பணம் என்றால், அதில் பெரும்பங்கு புதிதாக விசில் எடுத்தவரின் முதல் இரண்டு வருடங்களுக்குப் போக வேண்டும்.

ஏன் இந்தத் தட்டுப்பாடு? உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளுக்கு விதிகளை எழுதும் தேசியக் கூட்டமைப்பான என்.எஃப்.எச்.எஸ்., 2018-19 பருவத்துக்குப் பிறகான மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 நடுவர்கள் விலகிப் போனதாகச் சொன்னது. கோவிட் ஒரு காரணம். ஆனால் அதற்கு முன்பே ஆட்கள் குறைந்துகொண்டுதான் வந்தார்கள். அதே நேரம் விளையாடும் மாணவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் 2023-24இல் முதன்முறையாக 80 லட்சத்தைத் தாண்டியது. வெள்ளிக்கிழமை இரவு என்றாலே ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால்; நம் கால்பந்து இங்கே சாக்கர்) என்றிருந்த ஊர்களில் ஆட்டங்களை வியாழனுக்கும் சனிக்கும் பிரித்துப் போடுகிறார்கள், ஒரே இரவில் எல்லா மைதானங்களுக்கும் அனுப்ப ஆள் இல்லாததால்.

இதில் அடி வாங்குவது யார் என்று கவனிக்க வேண்டும். பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டியின் ஆட்டத்துக்கு எப்படியாவது ஆள் பிடித்துவிடுவார்கள். ரத்தாவதும் தள்ளிப்போவதும் ஜே.வி. என்னும் இரண்டாம்நிலை அணி, ஒன்பதாம் வகுப்பு, நடுநிலைப் பள்ளி ஆட்டங்கள்தான். இப்போதுதான் விளையாட்டைப் பிடித்துக்கொண்ட, இன்னும் வளராத, பெஞ்சில் அதிகம் உட்காரும் பிள்ளைகளின் ஆட்டங்கள் அவை. ஒரு பருவத்தில் அவர்களுக்குக் கிடைப்பதே சில ஆட்டங்கள். அதில் இரண்டு போனால் பெரிய இழப்பு.

சம்பளம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதைப் பேச முடியும். பெரும்பாலான மாநிலங்களில் நடுவர்கள் பள்ளியின் ஊழியர்கள் இல்லை. தனி ஒப்பந்தக்காரர்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று தொகை. அதை மாநிலச் சங்கமோ (பள்ளி விளையாட்டுகளை நடத்தும் மாநில அமைப்பு), தங்களுக்குள் ஆடும் பள்ளிகளின் குழுவான லீகோ, டிஸ்ட்ரிக்டோ நிர்ணயிக்கும். யார் எங்கே போவது என்று பிரித்துக் கொடுப்பவர் அசைனர். பதிவுக் கட்டணம், விதித் தேர்வு, பின்னணிச் சரிபார்ப்பு, கோடுபோட்ட சட்டை, கறுப்பு ஷூ, விசில் எல்லாம் பெரும்பாலும் அவரவர் கைக்காசு. பேஸ்பால் அம்பயராகப் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டுமானால் முகமூடி, மார்புக் கவசம், கால் கவசம் என்று செலவு நூறுகளைத் தொடும். முதல் ஆட்டத்துக்குப் போகும் முன்பே ஆள் கடனில் நிற்கிறார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை ஃபுட்பால், தொகை 90 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானம் 40 மைல் தள்ளி. நாலு மணிக்கு வேலையை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னாடியே போய்க் குழுவோடு பேசி, பந்தையும் மைதானத்தையும் பார்த்து, பயிற்சியாளர்களைச் சந்திக்க வேண்டும். ஏழு மணிக்கு ஆட்டம், ஒன்பதரைக்கு முடிவு, வீடு திரும்பும்போது பத்தரை. ஆறரை மணி நேரம். போக வர 80 மைலுக்கு வருமான வரித்துறையின் 2025ஆம் ஆண்டுக் கணக்கான மைலுக்கு 70 சென்ட் என்று போட்டால் 56 டாலர். மிச்சம் 34. மணிக்கு ஐந்து டாலருக்குக் கொஞ்சம் மேல். கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியோ 2009இலிருந்து மாறாமல் கிடக்கும் 7 டாலர் 25 சென்ட். ஃபுட்பால் குழு ஒரே காரில் போனால் கணக்கு மாறும் என்பது உண்மைதான். ஆனால் தனியாகவும் இருவராகவும் போகும் கூடைப்பந்து, வாலிபால், சாக்கர் நடுவர்களுக்கு இதேபோன்ற கணக்குதான். அவர்கள் தொகையும் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சரி, அப்படியானால் எல்லோருக்கும் ஏற்றிக் கொடுத்துவிட்டால் என்ன? இதற்குச் சாதகமான வாதம் வலுவானது. எளிது, வெளிப்படையானது, மரியாதையைக் காட்டுவது. பல வருடம் ஏறாத தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவது சலுகை இல்லை, பாக்கி. ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, டிஸ்ட்ரிக்ட் தனியாக ஏற்றினால் நடப்பது இழுபறி. பக்கத்து லீகில் விசில் ஊதுபவர் இங்கே வருவார். அங்கே ஓட்டை விழும். அவர்கள் அடுத்த வருடம் இன்னும் பத்து டாலர் ஏற்றுவார்கள். மொத்த நடுவர் எண்ணிக்கை அப்படியே இருக்கும். வசதி குறைந்த கிராமப்புற டிஸ்ட்ரிக்ட்தான் கடைசியில் ஆளில்லாமல் நிற்கும். அதனால் பொதுவான உயர்வை மாநில அளவிலோ, குறைந்தது லீக் அளவிலோ செய்ய வேண்டும். அப்புறம் பள்ளிக்கு உண்மையான போட்டி பக்கத்துப் பள்ளி இல்லை, சனி ஞாயிறில் நடக்கும் கிளப் டோர்னமென்ட். ஒரே ஜிம்மில் அடுத்தடுத்து நாலைந்து ஆட்டம், ஒரே பயணம், சாயங்காலமே வீடு. ஆட்டத்துக்கான தொகை பள்ளி தருவதைவிடக் குறைவாக இருந்தாலும் மணிக்கணக்கில் பார்த்தால் அதுவே லாபம். பத்து டாலர் உயர்வால் அந்த இடைவெளியை மூட முடியாது.

இரண்டாவது சிக்கல், ஆட்கள் விலகுவதற்குச் சொல்லும் காரணம். 2019 தொடக்கத்தில் என்.எஃப்.எச்.எஸ். பெற்றோருக்கு நேரடியாகவே எழுதியது: விலகும் நடுவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் பெரியவர்களின் நடத்தையையே முதல் காரணமாகச் சொல்கிறார்கள், இளம் நடுவர்களில் 80 சதவீதம் பேர் முதல் இரண்டு வருடத்துக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று. நடுவர்களுக்கான தேசியச் சங்கமான நாசோ 2017இல் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, தொல்லை தருபவர்கள் பட்டியலில் பெற்றோர்தான் முதலில் வந்தார்கள். பயிற்சியாளர்கள் அடுத்து. ஆண் நடுவர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் தங்கள் பாதுகாப்பை நினைத்துப் பயந்த அனுபவம் உண்டு என்றார்கள்.

இதை வைத்துக்கொண்டு, பிரச்சினை பணமே இல்லை என்று சிலர் கையைக் கழுவுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. மனிதர் இரண்டையும் ஒரே தராசில்தான் வைத்துப் பார்க்கிறார். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு லீவு போட்டு வந்து, சொற்பக் காசுக்கு, முகம் தெரியாதவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு போகிறவர், இது எனக்கு எதற்கு என்று ஒரு நாள் தன்னையே கேட்பார். தொகை நியாயமாக இருந்தால் அந்தக் கேள்வி தள்ளிப்போகும். ஏச்சு குறைந்தாலும் தள்ளிப்போகும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் தங்குவார்.

பயணப்படி என்பது இன்னொரு வழி. நியாயம் என்ற அளவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அஞ்சு மைல் போகிறவருக்கும் அறுபது மைல் போகிறவருக்கும் ஒரே தொகை என்பதில் என்ன நியாயம்? ஊர்கள் தள்ளித்தள்ளி இருக்கும் பகுதி என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். நகர்ப்புறத்தில் இதன் பலன் குறைவு. அங்கே காசு இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அட்டவணையை மாற்றுவது. ஜே.வி. ஆட்டத்தையும் வார்சிட்டி ஆட்டத்தையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைத்து ஒரே குழுவுக்கு இரண்டையும் கொடுத்தால், ஒரு பயணத்தில் இரண்டு தொகை. நாலு மணி ஆட்டத்தை ஐந்தரைக்குத் தள்ளினால், அலுவலக வேலை பார்க்கும் எத்தனையோ பேர் வரக்கூடியவர்கள் ஆகிறார்கள். பஸ் ஓட்டுநர் நேரம், மைதான விளக்கு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று தடைகள் இருக்கின்றன, தெரியும். இருந்தாலும் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரான அத்லெட்டிக் டைரக்டரும் அசைனரும் பருவத்துக்கு முன்பே சேர்ந்து உட்கார்ந்தால் பாதியாவது சரியாகும்.

நிரந்தர ஊழியராக்குவதை மேலோட்டமாகவே தொட்டுச் செல்கிறேன், ஏனென்றால் ஒரு டிஸ்ட்ரிக்ட் தனியாக எடுக்கக்கூடிய முடிவு அது இல்லை. பென்சில்வேனியாவில் லக்ரோஸ் (வலைமட்டையால் பந்தை எறிந்து ஆடும் விளையாட்டு) நடுவர்கள் சுமார் 140 பேர் தொழிற்சங்கம் சேர முயன்றார்கள். அவர்கள் ஊழியர்களே என்று 2017இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் சொன்னது. மாநிலச் சங்கம் மேல்முறையீடு போக, 2019இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, அவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள்தான் என்றது. குறுகிய பருவம், நேரத்துக்கு இல்லாமல் ஆட்டத்துக்கு என்று வாங்கும் தொகை, களத்தில் தன் முடிவைத் தானே எடுப்பது போன்றவை அந்த வாதத்தில் எடைபோட்டன. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தை இறுக்கிய கலிஃபோர்னியாவே 2020இல் அமெச்சூர் நடுவர்களுக்கு விலக்கு கொடுத்தது. காயம் பட்டால் இழப்பீடு, சமூகப் பாதுகாப்பில் பள்ளியின் பங்கு எல்லாம் கிடைத்தால் நடுவருக்கு நல்லதுதான். ஆனால் ஒரு பள்ளியின் சம்பளப் பட்டியலில் இருப்பவர் அந்தப் பள்ளி ஆடும் ஆட்டத்திலேயே விசில் ஊதினால் எதிரணி நம்புமா? இதைச் செய்வதானால் மாநிலச் சங்கம்தான் செய்ய வேண்டும்.

ஆள் சேர்ப்பதில் நல்ல முயற்சிகள் நடக்கின்றன. மிச்சிகன் மாநிலச் சங்கத்தின் லெகசி திட்டத்தில், இன்னும் பள்ளியில் படிக்கும் மாணவரே ஒரு மூத்த நடுவரின் கையைப் பிடித்துக்கொண்டு கீழ்நிலை ஆட்டங்களில் விசில் ஊதிப் பழகலாம். தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் நடுவர் பிரிவின் தலைவராக இருந்த மைக் பெரெய்ரா தொடங்கிய ‘பேட்டில்ஃபீல்ட்ஸ் டு பால்ஃபீல்ட்ஸ்’ அமைப்பு, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பயிற்சி, சீருடைச் செலவுக்கு உதவி செய்து நடுவராக்குகிறது. இரண்டும் எனக்குப் பிடித்தவை. டிஸ்ட்ரிக்ட் அளவில் இதற்குச் சமமானது, முதல் வருடப் பதிவுக் கட்டணத்தைத் தானே கட்டி, சட்டையும் கவசமும் கடனாகக் கொடுப்பது. அதிகச் செலவில்லை, வாசல் அகலமாகத் திறக்கும். பெண்கள் வர வேண்டுமானால் இன்னொன்றும் தேவை: உடை மாற்றப் பூட்டுள்ள ஓர் அறை. பல பள்ளிகளில் நடுவர் அறை என்பது ஆண் பயிற்சியாளர்களின் அறையாகவே இருக்கிறது. பெண் நடுவர் கழிப்பறையிலோ காரிலோ மாற்றிக்கொண்டு வருகிறார். கூடவே, ஆண்கள் ஆட்டத்துக்கும் பெண்கள் ஆட்டத்துக்கும் நடுவர் தொகை ஒன்றுதானா என்று டிஸ்ட்ரிக்டின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மற்றதைப் பேசவே கூடாது.

ஆனால் எத்தனை பேரைச் சேர்த்தாலும், இரண்டு வருடத்தில் பெரும்பாலோர் போய்விடுவார்கள் என்றால் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. அதனால்தான் என் கவனம் முழுக்க அந்த முதல் இரண்டு வருடத்தில் இருக்கிறது.

ஒரு நடுநிலைப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு நடுவர்கள். ஒருவர் பழையவர், ஒருவருக்குப் பதினெட்டு வயது. புதியவரின் கண் பந்தின் பின்னாலேயே போகும். தன் பொறுப்பில் இருக்கும் பகுதியில் பந்து இல்லாத இடத்தில் நடக்கும் தள்ளுமுள்ளு அவருக்குத் தெரியாது. எல்லாப் புதியவர்களும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அதே நேரம் மேலேயிருந்து ‘மூணு செகண்ட்! மூணு செகண்ட்!’ என்று ஓர் அப்பா கத்துகிறார், எதிரணிப் பிள்ளை கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்தில் மூன்று விநாடிக்கு மேல் நின்றுவிட்டான் என்று. பந்து கூடையை நோக்கிக் காற்றில் இருக்கும்போது அந்த மூன்று விநாடிக் கணக்கே கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. ‘ஓவர் தி பேக்!’ என்கிறது இன்னொரு குரல். அப்படி ஒரு ஃபவுலே விதிப்புத்தகத்தில் இல்லை. உயரமான பிள்ளை பின்னாலிருந்து இடிக்காமல் எட்டிப் பந்தை எடுத்தால் அது சரியான ஆட்டம். புதியவருக்கும் அது தெரியும், தேர்வு எழுதித்தான் வந்திருக்கிறார். ஆனால் நாற்பது பேர் சேர்ந்து கத்தும்போது தெரிந்ததே சந்தேகமாகிவிடுகிறது. அடுத்த முறை விசில் தாமதமாகிறது. தாமதமாக வந்த விசிலுக்கு இன்னும் பெரிய கூச்சல்.

இப்போது அதே ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே ஒரு மூத்த நடுவர் நிற்பதாக வையுங்கள். இடைவேளையில் வந்து, ‘பந்தை விடு, அதை உன் பார்ட்னர் பார்த்துப்பார். நீ தடுக்கிற பையனோட காலைப் பாரு’ என்கிறார். அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் புதியவர் வேறு ஆள். கூச்சல் போட்ட அப்பாவிடம் பள்ளி நிர்வாகி ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்காருகிறார். ஆட்டம் முடிந்ததும் அதே நிர்வாகி நடுவர்களைக் கார் வரை கொண்டுபோய் விடுகிறார். நடுவரைத் தாக்கினால் தண்டனை என்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் அடி விழுந்த பிறகு வரும் சட்டத்தைவிட, ஆட்டத்துக்கு முன்னால் வந்து கைகொடுத்து, ‘ஏதாவது என்றால் நான் அந்த மூலையில் நிற்கிறேன்’ என்று சொல்லும் ஒரு நிர்வாகி புதியவருக்கு அதிகம் உதவுவார்.

இதற்கு ஆகும் செலவையும் பார்ப்போம். ஒரு டிஸ்ட்ரிக்டில் வருடத்துக்கு 300 ஆட்டம், ஆட்டத்துக்குச் சராசரி மூன்று நடுவர் என்று வைத்தால், எல்லோருக்கும் பத்து டாலர் ஏற்ற 9,000 டாலர் ஆகும். அந்த 9,000த்தை நான் வேறு மாதிரி பிரிப்பேன். ஜே.வி., நடுநிலைப் பள்ளி ஆட்டங்கள் அதில் 150 என்றால், இரண்டு நடுவருக்கும் தலா 15 டாலர் ஏற்ற 4,500. அறுபது ஆட்டங்களுக்கு மூத்தவர் ஒருவரை 50 டாலருக்கு வழிகாட்டியாக நிறுத்த 3,000. மீதி 1,500இல் புதியவர்களின் பதிவுக் கட்டணமும் சட்டையும். நிர்வாகி நிற்பதற்குத் தனிச் செலவு வேண்டாம், அது ஏற்கெனவே பள்ளியின் பொறுப்பு.

வார்சிட்டி நடுவர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள், அந்தக் கோபம் நியாயமும்கூட. இருபது வருடம் மழையிலும் குளிரிலும் நின்றவர்களுக்கு ஒன்றுமில்லை, நேற்று வந்தவனுக்கு உயர்வா? என் பதில், அந்த வழிகாட்டித் தொகை அவர்களுக்குத்தான் போகிறது. முழங்கால் ஒத்துழைக்காததால் ஓடுவதை நிறுத்தப்போகும் அனுபவசாலி, ஒரேயடியாக விலகாமல் இன்னும் ஐந்து வருடம் விளையாட்டோடு இருக்க இது ஒரு வழி. வார்சிட்டிக்கான உயர்வை லீக் முழுக்கச் சேர்ந்து மாநிலச் சங்கத்திடம் கேட்க வேண்டும். அதை டிஸ்ட்ரிக்டின் சின்ன நிதியிலிருந்து எடுத்தால் இரண்டு பக்கமும் நிறையாது.

வழக்கமாக யாரும் பேசாத ஒன்று, பணம் கைக்கு வரும் நாள். ஆர்பிட்டர் போன்ற மென்பொருள் வழியாகக் கொடுக்கும் பள்ளிகளில் ஆட்டம் முடிந்த சில நாட்களிலேயே கணக்கில் ஏறிவிடும். காகிதச் செக், போர்டு ஒப்புதல் என்று போகும் இடங்களில் வாரக்கணக்கில் இழுக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஐம்பது டாலர் பெரிய காசு. அதைக் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தால், அடுத்த பருவம் அவர் வேறு பகுதிநேர வேலையைப் பார்த்துக்கொள்வார். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. ஏன் இன்னும் செய்யவில்லை என்று கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

பணம் எங்கிருந்து வரும் என்பதில் ஒரு வேண்டுகோள். விளையாடும் பிள்ளைகளிடம் வாங்கும் பங்கேற்புக் கட்டணத்தை ஏற்றாதீர்கள். அந்த உயர்வு முதலில் வெளியே தள்ளுவது வசதியில்லாத வீட்டுப் பிள்ளையை. வார்சிட்டி ஃபுட்பால், கூடைப்பந்து டிக்கெட்டில் ஒரு டாலர் கூட்டி, அதை நடுவர் நிதி என்று நுழைவாயிலிலேயே எழுதி வைக்கலாம். பூஸ்டர் கிளப் ஒரு பங்கு போடலாம்.

நம் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். கல்லூரியில் வாலிபால் ஆடியவர்கள், பேட்மின்டன் கோர்ட்டிலேயே வளர்ந்தவர்கள், கால்பந்து என்றால் உயிரை விடுபவர்கள் நம்மில் எத்தனை பேர்! வகுப்பு, ஒரு தேர்வு, கொஞ்சம் பொறுமை இருந்தால் நடுவராகிவிடலாம். சொந்தப் பிள்ளையின் பள்ளிக்கு வேண்டாம், பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் தொடங்கலாம்.

எங்கள் ஊருக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்கள், அடுத்த கூட்டத்தில் அத்லெட்டிக் டைரக்டரிடமும் அசைனரிடமும் மூன்று விவரம் கேளுங்கள். போன வருடம் புதிதாக வந்த நடுவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் திரும்ப வந்தார்கள்? ஆட்டம் முடிந்து எத்தனை நாளில் பணம் போகிறது? ஒரு நடுவர் சராசரியாக எத்தனை மைல் வருகிறார்? முதல் எண் மோசமாக இருந்தால் நான் மேலே சொன்ன பிரிவினை சரியாக வரும். புதியவர்கள் நன்றாகவே தங்குகிறார்கள், ஆனால் மைல்தான் அதிகம் என்றால் அந்த 9,000த்தைப் பயணப்படிக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டும் நன்றாக இருந்தும் ஆட்டங்கள் ரத்தாகின்றன என்றால் தொகைதான் குறைவு. அப்போது பக்கத்து டிஸ்ட்ரிக்டுகளையும் சேர்த்துக்கொண்டு எல்லோருக்குமான உயர்வைக் கேட்கலாம்.